நீர்வடிப்பகுதி மீள்திறன்: பல்துறை முதுநிலைப் பயிற்சித் திட்டம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு நீர்வடிப்பகுதி, அதாவது மழைநீர் ஒரே வழியில் வடியும் நிலம், வறட்சியிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் எப்படி மீள்கிறது என்பதைப் பல துறை மாணவர் சேர்ந்து ஆராயப் பழகும் திட்டம் இது. பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ இப்படியொரு திட்டத்தைத் தொடங்கப்போகிறவர்களுக்கும், தொடங்கிவிட்டு நடுவழியில் திணறுகிறவர்களுக்கும் இந்தப் பக்கம். எடுத்துக்காட்டுகள் வைகை வடிநிலத்திலிருந்து எடுத்தவை. கண்மாய், ஏரிப் பாசனம் உள்ள மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

இதற்குத் தனிப் பட்டம் உண்டா? எத்தனை மாணவர்கள் தேவை?

தனிப் பட்டம் வேண்டாம். மாணவர் தம் துறையிலேயே முனைவர் பட்டத்துக்கோ முதுநிலைக்கோ பதிவு செய்திருப்பார். இந்தப் பயிற்சி அதனோடு சேர்ந்து 2 ஆண்டு ஓடும். புதுப் பட்டம் என்று கிளம்பினால் பாடத்திட்டக் குழு, கல்விக்குழு, ஆட்சிக்குழு என்று அனுமதி வாங்குவதிலேயே முதல் இரண்டு பருவமழை போய்விடும்.

ஓர் அணிக்கு 8 முதல் 12 பேர். ஆறுக்குக் கீழே போனால் துறைக் கலப்பு வராது. பன்னிரண்டைத் தாண்டினால் ஒரு வேனில் ஏற்ற முடியாது. இரண்டு வேனில் போகும் அணி இரண்டு வாரத்தில் இரண்டு அணியாகிவிடும். சிவில், நிலவியல், தாவரவியல், வேளாண் பொருளியல், சமூகவியல், புவித்தகவலியல் ஆகியவற்றிலிருந்து ஆட்கள் வேண்டும். சட்டம் படிப்பவர் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். கண்மாய் சம்பந்தமான சண்டை பாதிக்குமேல் புறம்போக்கு, உரிமை, குத்தகை பற்றியதுதான்.

மீள்திறன் என்று எதைச் சொல்கிறோம்?

முதல் மாதமே கேட்க வேண்டிய கேள்வி இது. பொறியியல் மாணவருக்கு அது, உடைந்த கரை எத்தனை நாளில் அடைபடும் என்பது. சூழலியல் மாணவருக்கு, சீமைக்கருவேலம் எந்த அளவுக்குமேல் பரவினால் கண்மாய் பழைய நிலைக்குத் திரும்பாது என்பது. சமூகவியல் மாணவரோ, மீண்டது யார், வறட்சியில் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது யார் என்று கேட்பார்.

மூன்றையும் பிசைந்து ஒரே வரையறையாக்க வேண்டாம். அது யாருக்கும் பயன்படாது. மீள்திறன், வறட்சி, இழப்பு, வரத்து, ‘நல்ல வருஷம்’ என இருபது சொற்களுக்கு ஆளாளுக்கு ஒரு வரி எழுதி, துறைவாரியாகச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டாம் ஆண்டு வரை அது அங்கேயே இருக்கட்டும்.

ஏன் எல்லாரும் ஒரே இடத்தில் வேலை செய்ய வேண்டும்? அவரவர் ஆய்வுக்களம் அவரவர்க்கு இருக்கலாமே?

திட்டம் நிற்பதும் விழுவதும் இந்த ஒன்றில்தான். வகுப்பறையில் எத்தனை மணி நேரம் ஒன்றாக உட்கார வைத்தாலும், களம் வேறு வேறாக இருந்தால் ஒருவர் எண்ணை இன்னொருவர் கேள்வி கேட்க வழியில்லை. வெறும் மரியாதைதான் மிஞ்சும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நீர்ப்பரப்பு 40 ஹெக்டேர் உள்ள கண்மாய். மாசி மாதம், மடை அடைத்திருக்கிறது, மழை இல்லை. நீர்மட்டம் நாளுக்கு 8 மி.மீ. இறங்குகிறது. அதாவது நாளுக்கு 3,200 கன மீட்டர் போகிறது. ஆவியாதல் தட்டில் (நீர் ஆவியாவதை அளக்கும் திறந்த தட்டு) 7 மி.மீ. பதிவானால், தட்டில் கண்மாயைவிட அதிகம் ஆவியாகும் என்பதால் 0.7 கெழுவால் பெருக்க, கண்மாயிலிருந்து ஆவியானது 4.9 மி.மீ.; கிட்டத்தட்ட 1,960 கன மீட்டர். மீதி 1,240 கன மீட்டர், விநாடிக்குச் சுமார் 14 லிட்டர், எங்கே போனது?

சிவில் மாணவர் தம் அட்டவணையில் ‘கசிவு இழப்பு’ என்று எழுதுவார். நிலவியல் மாணவர் கரைக்குக் கீழே உள்ள கிணறுகளில் நாடா விட்டுப் பார்த்தால் மட்டம் கண்மாயோடு சேர்ந்து இறங்குவது தெரியும். பொருளியல் மாணவர் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கோடைப் பருத்தியும் காய்கறியும் நிற்பதைக் கணக்கெடுப்பார். சமூகவியல் மாணவர், கிணறு வைத்திருப்பவர் எத்தனை குடும்பம், கண்மாய் நீரை மட்டுமே நம்பியவர் எத்தனை குடும்பம் என்று பிரித்துக் காட்டுவார். கசிவை அடைக்கலாமா என்ற கேள்வி அதன் பிறகுதான் கேட்கத் தகுந்ததாகிறது. ஒருவருக்கு இழப்பாகத் தெரிவது இன்னொருவருக்கு வரத்து. இது நாலு பேரும் ஒரே கரையில் நின்றால்தான் புலப்படும்.

இடத்தை எப்படித் தேர்வது?

வடிநிலம் முழுவதையும் எடுக்காதீர்கள். வைகை வருசநாட்டு மலையில் தொடங்கி, ஏறத்தாழ 258 கி.மீ. ஓடி, சுமார் 7,000 சதுர கி.மீ. நிலத்தை வடிக்கிறது. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக மலைக்கு இப்புறம் வரும் நீர் வேறு இதில் கலக்கிறது. 1959-இல் திறந்த, 71 அடி வரை நீர் தேக்கும் வைகை அணையிலிருந்து முறை வைத்துத் திறக்கும் தண்ணீர் வேறு. மிஞ்சியது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. இவ்வளவையும் 12 மாணவர் அளக்க முடியாது.

50 முதல் 150 சதுர கி.மீ. வரை உள்ள துணைப் பகுதி போதும். அதில் ஒன்றன் மறுகால் (நிறைந்து வழியும் நீர்) அடுத்ததன் வரத்தாகும்படி 8 முதல் 15 கண்மாய்கள் தொடராக இருக்க வேண்டும். வளாகத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கட்டும். இரவு மழை பெய்தால் விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். நீரோட்டம் அளக்க ஒரு பாலம், தொடரின் தலையிலும் வாலிலும் பேசத் தயாரான ஒவ்வோர் ஊர், இரண்டும் இருந்தால் நல்லது. அணை நீர் வரும் தொடரா, மானாவாரித் தொடரா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டும் கலந்த தொடரில் வரத்தைப் பிரித்தறியவே ஓராண்டு ஆகும்.

ஆண்டு அட்டவணை எப்படி அமைய வேண்டும்?

பருவத் தேர்வு நாட்காட்டியை வைத்து அமைத்தால் கெட்டது. ஆண்டு மழையில் பாதிக்கு அருகில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அந்த மூன்று மாதம்தான் நவம்பர் தேர்வும் வரும். எனவே ஜூலை முதல் செப்டம்பர் வரை பயிற்சி வகுப்பு, கருவி பொருத்துதல், ஊர் அறிமுகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை களம் மட்டும். தை அறுப்பு முடிந்ததும் விளைச்சல், வருமானக் கணக்கெடுப்பு. ஏப்ரல், மே மாதங்களில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது தரைமட்ட அளவை: அடித்தளம், மடை, கலுங்கு (உபரி நீர் வழியும் கட்டுமானம்) எல்லாவற்றின் உயரமும் அப்போதுதான் எடுக்க முடியும். அந்த அளவை இல்லாவிட்டால் மழைக்காலத்தில் எடுத்த மட்டங்களைக் கொள்ளளவாக மாற்ற முடியாது. கோடை விடுமுறை என்று அதை விட்டுவிடுவதுதான் எங்கும் நடக்கும் தவறு.

மதிப்பலகும் நெறியாளரும்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் முனைவர் பட்டப் பாடநெறிக்குக் குறைந்தது 12 மதிப்பலகு (கிரெடிட்) உண்டு. ஆய்வு அறநெறிப் பாடமும் அதற்குள் வரும். ஆகவே பொதுப் பாடம் 4, களமுறைப் பாடம் 2 என அந்த 12-க்குள்ளேயே நுழையுங்கள். கூடுதல் சுமையாக வைத்த பாடத்தை முதலில் மாணவரின் நெறியாளரே தவிர்க்கச் சொல்வார்.

பிற துறை இணை நெறியாளரை வைக்க விதி இடம் தருகிறது. சேர்க்கையின்போதே நியமியுங்கள், ஆய்வேடு எழுதும்போது அல்ல. கூட்டு அத்தியாயம் ஒன்று ஆய்வேட்டில் இருக்கலாம் என்பதையும், அதில் யார் எதைச் செய்தார் என்ற பட்டியல் உடன் வரும் என்பதையும் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பொதுப் பாடத்தை யார் நடத்துவது?

ஆளுக்கு இரண்டு வாரம் என்று ஆறு பேராசிரியர் பிரித்துக்கொள்வது வழக்கம். அது தொடர் ஓட்டம். கோலை வாங்கியவர் முந்தையவர் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டார். பாதி வகுப்புகளிலாவது இரண்டு துறை ஆசிரியர் ஒரே நேரத்தில் அறையில் இருக்க வேண்டும். இருவருக்கும் முழு வகுப்பு நேரமும் பணிச்சுமைக் கணக்கில் ஏற வேண்டும். இதற்கு நிர்வாகம் ஒத்துக்கொள்ளாவிட்டால் வகுப்பின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், முறையை மாற்றாதீர்கள்.

என்ன கருவிகள் வாங்க வேண்டும்?

100 சதுர கி.மீ. பகுதிக்கு: தானியங்கி மழைமானி 4 அல்லது 5, அவற்றில் ஒன்றின் பக்கத்தில் கைமுறை மழைமானி 1, நீர்மட்ட லாகர் (மட்டத்தைத் தானே பதியும் கருவி) 4, காற்றழுத்த லாகர் 1, ஒவ்வொரு கண்மாயிலும் செ.மீ. கோடிட்ட அளவுகோல் பலகை. உயர வேறுபாடு அளக்க ஆட்டோ லெவல் 1. கிணற்று மட்ட நாடா 2. மின்கடத்துதிறன் மானி 2, அதைச் சரிபார்க்க 1,413 மைக்ரோசீமென்ஸ் கரைசல். மண்ணுக்குள் நீர் இறங்கும் வேகத்தை அளக்க 30, 60 செ.மீ. விட்டமுள்ள இரட்டை வளையம் 2 செட்.

தானியங்கி மழைமானியில் சிறு வாளி நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு தடவையும் எண்ணப்படும். பொருத்துமுன் அதைச் சரிபாருங்கள். வாய் விட்டம் 20 செ.மீ., ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. என்றால் ஒரு கவிழ்ப்பு 6.28 மி.லி. 628 மி.லி. தண்ணீரை ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 100 கவிழ்ப்பு வர வேண்டும். 90 வந்தால் திருகைச் சரிசெய்யுங்கள். கொட்டும் மழையில் இது எப்போதும் குறைத்தே காட்டும், வாளி கவிழும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராது. கைமுறை மழைமானி பக்கத்தில் இருப்பது அதற்காகத்தான். புனலில் குளவிக் கூடும் புளிய இலையும் அடைத்துக்கொள்ளும். நாலு மணி நேரம் தூறல் என்று பதிவு காட்டி, ஊரில் ‘கால் மணி நேரம் ஊத்திட்டு ஓஞ்சிருச்சு’ என்றால் புனலைத் திறந்து பாருங்கள்.

இன்னொரு சிறு பொறி: வானிலைத் துறையின் நாள் மழை காலை 8.30 மணிக்கு முடியும் 24 மணி நேரத்துக்கு உரியது. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டினால் இரண்டும் ஒருபோதும் ஒத்துவராது.

அளவுகோல் பலகையின் பூஜ்யத்தைக் கலுங்கின் உச்சியோடு மட்டம் எடுத்து இணையுங்கள். கரையோடு இணைக்காதீர்கள், கரை அமுங்கும், குடிமராமத்தில் (கண்மாய்ப் பராமரிப்புப் பணியில்) மண் போட்டு உயர்த்துவார்கள்.

கால்வாய் ஓட்டத்துக்கு மிதவை முறை போதும். நேராக ஓடும் 10 மீட்டரில் ஒரு சாத்துக்குடியை விடுங்கள். தேங்காய் மட்டை காற்றில் ஓடும். பழம் பெரும்பகுதி மூழ்கி மிதக்கும். ஐந்து தடவை சராசரி 20 விநாடி என்றால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். அதை 0.85-ஆல் பெருக்கி, 2 மீட்டர் அகலம், 0.4 மீட்டர் ஆழம் என்ற குறுக்குப் பரப்பால் பெருக்கினால் விநாடிக்கு 0.34 கன மீட்டர், அதாவது 12 கன அடி. ஊரிலும் துறையிலும் கன அடியில்தான் பேசுவார்கள். இரண்டையும் எழுதிப் பழகட்டும்.

லாகரில் நீர்மட்டம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ராத்திரியில் யாரோ மடையைத் திறக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. முதல் முறை இந்த வரைபடத்தைப் பார்க்கும் ஒவ்வோர் அணியும் மடை திறக்கும் நீர்பாய்ச்சியைத்தான் சந்தேகப்படுகிறது.

காற்றுக்குழாய் இல்லாத லாகர், நீரின் அழுத்தத்தோடு மேலே உள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் அருகே உச்சத்தைத் தொட்டு, அதிகாலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அருகே தாழும். வேறுபாடு 3, 4 மில்லிபார். ஒரு மில்லிபார் என்பது கிட்டத்தட்ட ஒரு செ.மீ. நீர். ஆக 3 செ.மீ. பொய் அலை. 40 ஹெக்டேரில் 3 செ.மீ. என்பது 12,000 கன மீட்டர். மேலே தேடிய நாள் கசிவைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு.

இன்னொரு லாகரைக் காற்றில், நிழலில், 10 கி.மீ. சுற்றுக்குள் தொங்கவிட்டு, அதே 15 நிமிட இடைவெளியில் பதிந்து கழியுங்கள். கழித்த பிறகு அலை குறையாமல் இரட்டிப்பானால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒன்று இந்திய நேரத்திலும் மற்றது உலகப் பொது நேரத்திலும் இருக்கும். ஐந்தரை மணி நேர வித்தியாசம், பன்னிரண்டு மணி நேர அலையில் ஏறக்குறைய நேர் எதிர், கழித்தால் கூடும்.

வரைபட வேலையில் எது அதிகம் தவறுகிறது?

இரண்டு. முதலாவது, 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை வைகை வடிநிலத்தின் நடுவே போகிறது. உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து இடம் குறிக்கும் யுடிஎம் முறையில் தேனி 43-ஆம் மண்டலம், மதுரை 44-ஆம் மண்டலம். ஆளுக்கொரு மண்டலத்தில் எடுத்த ஜிபிஎஸ் புள்ளிகளை மண்டலக் குறிப்பின்றி ஒரே தாளில் கொட்டினால் பக்கத்துக் கண்மாய் 650 கி.மீ. தள்ளி விழும். அணி முழுவதற்கும் ஒரே மண்டலம் என்று முதல் நாளே எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது, நீர்வடிப் பகுதியை வரையும் மென்பொருள் முதல் படியாகப் பள்ளங்களை நிரப்பிவிடும். நம் ஊரில் அந்தப் பள்ளம்தான் கண்மாய்! 30 மீட்டர் துல்லிய உயரத் தரவில் மூன்று, நான்கு மீட்டர்க் கரை பெரும்பாலும் தெரியாது; வரத்துக் கால்வாய் சரிவுக்குக் குறுக்கே நீரைத் திருப்புவதும் தெரியாது. மென்பொருள் வரைந்த எல்லையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரோடு கால்வாய் நெடுக நடந்து திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு நாள் வேலை.

செயற்கைக்கோள் படத்தில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மேகம். ரேடார் படம் மேகத்தை ஊடுருவும். ஆனால் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால் அதுவும் தண்ணீரைக் காடு என்றே சொல்லும்.

ஊரில் நேர்காணல் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டீக்கடையில் எடுத்தால் ஆண்கள் மட்டும். கரையோரம் எடுத்தால் தலைமடைக்காரர் மட்டும். அடங்கலை (கிராமப் பயிர்க் கணக்குப் பதிவேடு) வைத்துத் தலைமடை, நடு, கடைமடை என்று பிரித்து மாதிரி எடுங்கள். நிலமில்லாதவர், ஆடு மேய்ப்பவர், மீன்பாசி குத்தகைக்காரர் மூவரையும் தனியாகச் சேருங்கள். அடங்கலில் அவர்கள் இல்லை. மீன் குத்தகைக்காரருக்குக் கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும், கடைமடைக்காரருக்கு அது வெளியேற வேண்டும். இந்த ஒரு முரணைப் புரிந்துகொண்டாலே மடை ஏன் அந்த நேரத்தில் திறந்தது என்பது பாதி விளங்கும். மடை திறப்பவருக்கு நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பர் என ஊருக்கு ஊர் பெயர் மாறும். அந்தப் பணி எந்தச் சாதிக்கு, கூலி நெல்லா பணமா என்பதைப் பொதுவெளியில் கேட்காதீர்கள்.

ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்த வினாத்தாள் களத்தில் நிற்காது. ‘கடந்த நிதியாண்டில்’ என்றால் யாருக்கும் பிடிபடாது. ‘கலுங்கு பாஞ்ச வருஷம்’, ‘போன தை அறுப்பு’ என்று கேளுங்கள். 40 நிமிடத்துக்குமேல் போகக் கூடாது. நடவு வாரத்திலும் ஊர்த் திருவிழாவிலும் போக வேண்டாம். ஒரே குடும்பத்தை மூன்று மாணவர் மூன்று தடவை தொந்தரவு செய்யாதபடி அணிக்கு ஒரே கணக்கெடுப்பு, ஒரே நாட்காட்டி. எடுத்த தகவலை ஒரே ஒரு வரைபடமாக்கி, அடுத்த ஆடிக்குள் சாவடியில் காட்டுங்கள். எண்ணில் தவறு இருந்தால் அங்கேயே சொல்வார்கள்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பொதுவாக ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேலுள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதைவிடக் குறைந்த ஆயக்கட்டு உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். தொடரில் இரண்டும் வரும். இரண்டு அலுவலகக் கடிதமும் தேவை. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் தலைவரையும் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (நில விவரப் பதிவேடு) புலப்படமும் பார்க்க வேண்டியிருக்கும். மனிதரை நேர்காணும் பகுதிக்குப் பல்கலைக்கழக அறநெறிக் குழு ஒப்புதல் தனி. செப்டம்பரில் விண்ணப்பித்தால் மழை முடிந்த பின் கிடைக்கும். மே மாதமே கொடுங்கள்.

பாதுகாப்பு?

ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை விநாடிக்கு மீட்டரிலும் பெருக்கினால் 0.6-க்கு மேல் வந்தால் நீரில் இறங்கக் கூடாது, பாலத்திலிருந்து அளக்கட்டும். இடி கேட்டால் கரையை விட்டு இறங்க வேண்டும், வெட்டவெளியில் உயரமான இடம் அது. வயலில் வெறுங்காலோடு நிற்பதால் எலிக்காய்ச்சல் வரும். முழங்கால் வரை பூட்ஸ். தனியாக யாரும் போகக் கூடாது. கழிப்பறையும் தங்குமிடமும் உறுதியான பிறகே களநாள் குறியுங்கள். இதை மாணவியர் கேட்டு வாங்கும் நிலைக்கு விடக் கூடாது.

பணம் எதில் கரையும்?

கருவியில் அல்ல, வண்டியிலும் களப்பணியாளர் கூலியிலும். கருவிச் செலவில் 15 விழுக்காட்டை மாற்றுக் கருவிக்கு ஒதுக்குங்கள். திருட்டு, வெள்ளம், ஆடு மூன்றும் உண்டு. அக்டோபரில் முன்பணம் கையில் இல்லாவிட்டால் முதல் பெருமழை போயிற்று.

பயிற்சி பலித்ததா என்று எப்படி அறிவது?

கட்டுரை எண்ணிக்கை பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டு முடிவில், பிற துறை மாணவர் எடுத்த மூலத் தரவைக் கையில் கொடுத்து இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சமூகவியல் மாணவர் லாகர் வரைபடத்தில் பொய் அலையைக் கண்டுபிடிக்கிறாரா? சிவில் மாணவர் நேர்காணல் பட்டியலில் கடைமடை விடுபட்டதைச் சொல்கிறாரா? எழுதியதைத் தரவை எடுத்தவரே திருத்தட்டும்.

நிதியே இல்லை. தொடங்கலாமா?

மூன்று துறை மாணவர் மூவர், ஒரு கண்மாய், ஒரு கைமுறை மழைமானி, ஒரு அளவுகோல் பலகை. ஊரிலேயே ஒருவரைத் தினமும் காலை 8.30-க்கு இரண்டையும் படிக்க அமர்த்தி, மாதம் தவறாமல் சம்பளம் கொடுங்கள். எண்ணோடு பலகையின் படத்தையும் போனில் அனுப்பச் சொல்லுங்கள். நேற்றைய எண்ணையே இன்றும் எழுதும் பழக்கம் அதில் நின்றுவிடும். ஐப்பசியில் தொடங்கி ஆனி வரை ஒரு நாள் விடாமல் கிடைத்தால் மேலே உள்ள கசிவுக் கணக்குக்கு வேண்டிய மட்ட இறக்கம் அதிலேயே கிடைக்கும்; நீர்ப்பரப்பும் ஆவியாதல் எண்ணும் மட்டும் தனியாகத் தேட வேண்டும்.